சுவரைப் பார்த்துச் சுழன்ற விசிறி

அண்ணனுக்கு இதயக் குழாயில் மூன்று அடைப்பு. அறுவை சிகிச்சை செய்யும் பெரிய மருத்துவமனை, எங்கள் இரண்டு பேர் ஊரிலிருந்தும் ஒரு ராத்திரிப் பயணத் தூரம். பன்னிரண்டு நாளாவது ஆகும் என்றார்கள். அண்ணன் உள்ளே படுத்துவிட்டால் வெளியே காத்திருக்க வேண்டியவர்கள் அண்ணியும் தங்கையான நானும்தான். எதிரே ஒரு லாட்ஜில் ஓர் அறை கிடைத்தது.

இதைக் கேட்டதும் அண்ணனுக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்துவிட்டது. "ஆபரேஷனை நான் தாங்கிருவேன். நீங்க ரெண்டு பேரும் ஒரே ரூம்ல இருக்கறத அந்த லாட்ஜ் தாங்குமா?"

அவர் கேட்டதில் தப்பில்லை. எனக்கும் அண்ணிக்கும் எட்டு வருடமாக "சாப்டீங்களா", "கெளம்பறேன்" என்பதைத் தாண்டிப் பேச்சு கிடையாது. அதற்குக் காரணம் நான்தான்.

என் வேலை காது சோதிப்பது. சுவரெல்லாம் பஞ்சு வைத்து அடைத்த சின்ன அறைக்குள் ஆளை உட்கார வைத்து, கதவைச் சாத்திவிட்டு, வெளியே கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து ஒவ்வொரு சத்தமாகக் கொடுப்பேன். கேட்டால் அவர்கள் பட்டனை அமுக்க வேண்டும். எவ்வளவு மெல்லிய சத்தம் வரைக்கும் கேட்கிறது என்று குறித்துக்கொள்வேன். நாள் முழுக்க நிசப்தத்தோடு பழகிப் பழகி, எனக்குக் குழாய் சொட்டினால்கூடத் தூக்கம் போய்விடும். அண்ணி பஞ்சாலையில் நூல் நூற்கும் பிரிவில் பத்தொன்பது வருடமாக இருக்கிறாள். நூல் சுற்றும் ஆயிரக்கணக்கான கதிர்கள் ஒன்றாய்ச் சுழலும் கூடம் அது. பக்கத்தில் நிற்பவளிடம் பேச வேண்டுமென்றால் காதோரம் வாய் வைத்துக் கத்த வேண்டும். வீட்டுக்கு வந்தாலும் அந்தக் குரல் இறங்காது.

எட்டு வருடத்துக்கு முன்னால், அண்ணன் மகளின் பிறந்தநாளுக்கு வீடு நிறையச் சொந்தக்காரர்கள். நான் அண்ணியிடம் எதையோ மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் "ஆங்?" என்றாள். "அண்ணி, ஒரு நாள் என்கிட்ட வாங்க. அந்தக் காதை ஒரு வழி பண்ணிருவோம்" என்றேன். பாதி அக்கறை, பாதி கிண்டல். கூடம் கொல்லென்று சிரித்தது. சித்தப்பா அதோடு விடாமல், "சோதனையே வேணாம்மா, செவிடுன்னு நானே எழுதிக் குடுத்துடறேன்" என்றார். கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டு உள்ளே போன அண்ணி, கடைசி விருந்தாளி கிளம்பும்வரை வெளியே வரவில்லை. அதுவரை என்னை "நீ, வா, போ" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள், மறுநாளிலிருந்து "நீங்க" என்றாள்.

லாட்ஜுக்கு அண்ணி வந்து இறங்கியபோது தோளில் துணிப்பை, கையில் சணல் கயிறு போட்டுக் கட்டிய ஒரு அட்டைப்பெட்டி. நான் ஏதோ சாப்பாட்டுச் சாமான் என்று நினைத்தேன். பிரித்தால் மேசை விசிறி.

"ரூம்லயே ஃபேன் இருக்கே, அண்ணி."

"அது ஓடுதா நிக்குதான்னே தெரியல. எனக்கு இது இல்லாட்டித் தூக்கம் வராது" என்று சொல்லிக்கொண்டே, தன் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு விசிறியை ஏற்றினாள். விளக்கை அணைக்கும்போது மூன்றாம் நம்பரில் வைத்தாள். மாவு மில்லுக்குள் படுத்த மாதிரி இருந்தது. அதோடு காற்று நேராக என் முகத்தில். எனக்குக் காற்று பட்டால் ஒற்றைத் தலைவலி வரும். அரைமணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். பிறகு எழுந்து உட்கார்ந்து, எனக்குத் தெரிந்த மிகப் பெரிய ஆயுதத்தை எடுத்தேன்.

"அண்ணி! நாளைக்கு ஆபரேஷன். ஆஸ்பத்திரியிலிருந்து திடீர்னு போன் வந்தா இந்தச் சத்தத்துல யாருக்குக் கேக்கும்?"

அவள் வாதாடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ எழுந்து விசிறியை நிறுத்தினாள். ஜெயித்துவிட்ட திருப்தியில் நான் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

ஆனால் ஜெயித்தவளுக்கும் தூக்கம் வரவில்லை. லாட்ஜில் நிசப்தம் ஏது? லிஃப்ட் கதவு 'டமார்' என்று சாத்தும். கொஞ்சம் அடங்கும். கண் சொருகும்போது யாரோ குளியலறையில் வாளியை இழுப்பார்கள். மறுபடி அடங்கும். அப்புறம் வராந்தாவில் செருப்புச் சத்தம், யாரோ ஒருவர் போனில் அழுகிற சத்தம். அந்த லாட்ஜில் இருந்தவர்கள் எல்லோருமே எதிர்க் கட்டடத்தில் யாரையாவது விட்டுவிட்டு வந்தவர்கள். ஒவ்வொரு சத்தமும் எங்களுக்கான செய்தியோ என்று மனசு எழுந்து உட்கார்ந்துகொள்ளும்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. அண்ணனைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்திருந்தார்கள். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை, கண்ணாடி வழியாகப் பார்க்கலாம். மற்ற நேரமெல்லாம் அறையில்தான். மூன்று இரவு விசிறி ஓடவில்லை. மூன்றாம் நாள் காலையில் அண்ணியின் கண் இரண்டும் சிவந்து உள்ளே போயிருந்தன. டீக்கடையில் டம்ளரைப் பிடித்தபடியே கண் சொருகி, பாதி டீ மணிக்கட்டில் கொட்டியது. புருஷனை நினைத்துத் தூங்காமல் இருக்கிறாள் என்று நினைத்தேன்.

இன்னொன்றையும் கவனித்திருந்தேன். அண்ணி போனைக் கையைவிட்டு இறக்கவே மாட்டாள். சாப்பிடும்போதும் இலைக்குப் பக்கத்தில், திரை மேலே பார்த்த மாதிரி வைத்து, வாய்க்கு ஒரு கவளம் போனால் கண்ணுக்கு ஒரு பார்வை. இந்த வயதில் இவளுக்கு என்ன போன் பைத்தியம் என்று உள்ளுக்குள் சலித்துக்கொண்டேன்.

நான்காம் நாள் மத்தியானம். சாப்பிட்டுவிட்டு வந்து கொஞ்சம் படுத்தோம். போனில் சார்ஜ் இறங்கிவிட்டது என்று அண்ணி அதைத் தலைமாட்டில் இருந்த பிளக்கில் செருகி, குப்புற வைத்திருந்தாள். நான் முகம் கழுவக் குளியலறைக்குள் போனேன். குழாயை மூடியதும், வெளியே போன் அடிக்கிற சத்தம் கேட்டது. குருவி கீச்சிடுவது போன்ற மெல்லிய, உச்ச ஸ்தாயி மணி. நான்கு தடவை அடித்தது. ஐந்து. அண்ணி தூங்கிவிட்டாள் போலிருக்கிறது என்று ஈரக் கையோடு ஓடிவந்தேன்.

அண்ணி தூங்கவில்லை. மல்லாந்து படுத்து, கண்ணை அகலத் திறந்து, கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலையிலிருந்து ஒன்றரை முழத் தூரத்தில் போன் கத்திக்கொண்டிருந்தது. அவள் முகத்தில் ஒரு அசைவும் இல்லை.

நான் நகராமல் நின்றுவிட்டேன். என் வேலையில் இந்த முகத்தை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து, நான் சத்தம் கொடுத்தபிறகும் கொடுக்கப்போகிறேன் என்று காத்திருக்கிறவர்களின் முகம்.

ஓடிப்போய்ப் போனை எடுத்தேன். நர்ஸ்தான். "பேஷன்ட் நல்லா முழிச்சுட்டாரு. மூக்குக் கண்ணாடி வேணும்னு அடம் பிடிக்கிறாரு. எடுத்துட்டு வரீங்களா?" என்றாள். நான் போனைக் காதில் வைத்திருப்பதைப் பார்த்ததும் அண்ணி துள்ளி எழுந்தாள். "யாரு? என்ன ஆச்சு? எப்ப வந்துச்சு?" முகம் வெளுத்துவிட்டது.

"ஒண்ணுமில்ல. அண்ணன் கண்ணாடி கேக்குறாராம்."

"அடிச்சுதா?"

"அடிச்சுது, அண்ணி."

அண்ணி செருப்பை மாட்டிக்கொண்டாள்.

கண்ணாடியைக் கொடுத்துவிட்டு, மாலைப் பார்வை நேரம் வரைக்கும் மாடிப்படியின் அடியில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தோம். நான் அவளுடைய வலது பக்கம் உட்கார்ந்தேன். அப்போதுதான் உறைத்தது: இந்த நான்கு நாளும், தெருவில் நடந்தாலும் கடையில் உட்கார்ந்தாலும், அவள் எப்படியாவது சுற்றி வந்து என்னைத் தன் வலது பக்கத்திலேயே வைத்துக்கொண்டிருந்தாள். போனைவிட்டுக் கண்ணை எடுக்காததும், மூன்று ராத்திரி விசிறியில்லாமல் தவித்ததும் அந்தக் கணக்கில் போய்ச் சேர்ந்தது. நோயாளிகளிடம் கேட்பதைப் போலவே கேட்டேன்.

"அண்ணி, காதுக்குள்ள சத்தம் எத்தன வருஷமா கேக்குது?"

யாரோ ரகசியத்தைத் திருடிவிட்டதுபோல் திரும்பிப் பார்த்தாள். "எந்தச் சத்தம்?"

"விசில் மாதிரியா? வண்டு மாதிரியா?"

படியேறுகிறவர்கள் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்புறம் அவள் குரல், எனக்குத் தெரிந்து முதல் தடவையாக, இறங்கியது.

"விசில். குக்கர் விசில் மாதிரி. ஆனா அது அடிச்சா நிக்கும். இது நிக்காது. ஆறேழு வருஷமாச்சு. பகல்ல மில்லுல தெரியாது. விளக்க அணைச்சதும் ஆரம்பிச்சிரும். அந்த ஃபேனப் போட்டா அதோட கலந்து, கொஞ்சம் தள்ளிப் போன மாதிரி இருக்கும். அதான்."

"அண்ணன்கிட்ட சொன்னீங்களா?"

"யார்கிட்ட சொல்றது? இல்லாத சத்தம் கேக்குதுன்னா மூளை கொழம்பிருச்சும்பாங்க. காது போச்சுன்னு மில்லுல தெரிஞ்சா வேலைய விட்டு எடுத்துருவாங்க. உங்ககிட்ட வரலாம்தான்..." நிறுத்தினாள். "நீங்கதான் அத்தன பேர் முன்னாடி சிரிச்சீங்களே."

நான் படித்தது இதற்குத்தான். சம்பளம் வாங்குவது இதற்குத்தான். மூன்றாம் தடவை "ஆங்?" என்றவளின் கையைப் பிடித்துத் தனியாகக் கூட்டிப்போய்க் கேட்டிருக்க வேண்டியவள் நான். அதை ஒரு ஜோக்காக்கி, கதவைச் சாத்திவிட்டு வந்திருக்கிறேன். இப்போது மூன்று ராத்திரி அந்த விசிலோடு அவளைத் தனியாக வேறு விட்டிருக்கிறேன்.

"தப்பு என்னுது அண்ணி. அன்னைக்கே வந்து மன்னிப்பு கேட்டிருக்கணும். அப்புறம் கேக்கலாம், அப்புறம் கேக்கலாம்னே எட்டு வருஷம் ஓட்டிட்டேன்" என்றேன். மூக்கு ஒழுகியது.

அவள் முந்தானையை என் பக்கம் நீட்டினாள். "மூக்கத் துடை. பாக்கறவங்க அண்ணனுக்கு என்னமோ ஆயிருச்சுன்னு நெனச்சுக்கப் போறாங்க."

'துடை' என்றாள். 'துடைங்க' இல்லை.

அன்று ராத்திரி நானே விசிறியைக் கையில் எடுத்தேன். எனக்குத் தலைவலி தருவது காற்றுதானே, சத்தத்தை எப்படியாவது பொறுத்துக்கொள்ளலாம். நாற்காலியை அவள் தலைமாட்டுக்கு நகர்த்தி, விசிறியின் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பினேன். அடித்தட்டு கடகடவென்று ஆடியதால் துண்டை நாலாய் மடித்து அடியில் கொடுத்தேன். மூன்றில் வைத்தால் அதிகம். ஒன்றில் வைத்தால் விட்டுவிட்டு முனகியது. இரண்டில் ஒரே சீராக, 'சர்ர்ர்' என்று இறங்கியது.

"இப்ப விசில் எப்படி இருக்கு?"

"இருக்கு. ஆனா கூட்டத்துக்குள்ள நிக்கற மாதிரி இருக்கு."

"அவ்ளோ போதும். முழுசா அமுக்கிட்டா, நிறுத்தினதும் இன்னும் பெருசாத் தெரியும். கலந்து நிக்கணும்."

"போன்?" என்றாள். எழுந்து உட்கார்ந்தே விட்டாள்.

போனை அதிரும்படி மாற்றி, என் துப்பட்டாவால் என் உள்ளங்கையோடு வைத்துக் கட்டிக்கொண்டேன். "உங்க போன் இன்னையிலிருந்து என் பொறுப்பு. நீங்க தூங்குங்க. நான் கேட்டுக்கறேன்."

கட்டிய கையைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. "கை ஒடிஞ்சவ மாதிரி இருக்க" என்றாள். அந்தச் சிரிப்பு முடிவதற்குள்ளேயே மூச்சு சீராகிவிட்டது. அப்படி ஒரு தூக்கத்தை நான் பார்த்ததில்லை. கிணற்றில் கல் போட்டது போல.

எனக்குத்தான் ஆச்சரியம். லிஃப்ட் கதவும் வாளியும் செருப்பும் அங்கேயேதான் இருந்திருக்க வேண்டும். ஆனால் எதுவும் தனியாகத் தலைதூக்கி என்னைக் கூப்பிடவில்லை. எல்லாம் அந்த ஒரே சீரான இரைச்சலுக்குள் அமுங்கிப் போயின. தூக்கத்துக்கு நிசப்தம் வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தவள், காலையில் கூட்டுகிற அம்மா கதவைத் தட்டியபோதுதான் கண் விழித்தேன். கையில் போன் கட்டினபடியே இருந்தது. யாரும் கூப்பிடவில்லை.

இரண்டு நாள் கழித்து அண்ணனை வார்டுக்கு மாற்றினார்கள். நாங்கள் உள்ளே போகும்போது, லாட்ஜ் மேனேஜர் விசிறியைப் பார்த்துவிட்டுப் போட்ட சத்தத்தையும், அண்ணி போட்ட பதில் சத்தத்தில் அவர் படியிறங்கி ஓடியதையும் சொல்லிச் சிரித்துக்கொண்டு போனோம். அண்ணன் எங்களை மாறி மாறிப் பார்த்தார். பக்கத்துக் கட்டில்காரரிடம் மெதுவாகக் கேட்டார்: "சார், நான் பொழச்சுட்டேன்தானே? இல்ல, போய்ச் சேந்துட்டேனா? உண்மையச் சொல்லுங்க."

வீடு திரும்பும் வழியில் அண்ணனும் அண்ணியும் ஒரு வாரம் என் வீட்டில் தங்கினார்கள். சனிக்கிழமை மத்தியானம், நோயாளிகள் இல்லாத நேரமாகப் பார்த்து அண்ணியை வேலையிடத்துக்குக் கூட்டிப்போனேன். பஞ்சு அடைத்த அறையின் வாசலில் நின்றுவிட்டாள். கதவைச் சாத்தினால் விசில் பெருசாகும் என்று பயம்.

"ஆகும்தான். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கமே இருப்பேன். தாங்கலன்னா கையத் தூக்குங்க."

முதலில் நான் எதுவுமே கொடுக்காதபோதும் பட்டனை அமுக்கினாள். சொந்த விசிலும் என் சத்தமும் அவளுக்குக் குழம்பின. பிறகு விட்டு விட்டு அடிக்கிற சத்தமாகக் கொடுத்தேன். அது அவளுக்குப் பிரித்துத் தெரிந்தது. தாளில் நான் புள்ளி வைக்க வைக்க, தாழ்ந்த சத்தங்களில் நேராகப் போன கோடு, உயர்ந்த சத்தங்களுக்கு வந்ததும் பள்ளத்தில் விழுந்தது. இடது காதில் பள்ளம் இன்னும் ஆழம். வருடக்கணக்காக இயந்திர இரைச்சலில் நின்றவர்களின் தாளில் வரும் பள்ளம்தான்.

வெளியே வந்ததும், "பாஸா, ஃபெயிலா?" என்றாள்.

பூசி மெழுகாமல் சொன்னேன். போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம், கருவி வைத்தால் கேட்கும், விசிலும் கொஞ்சம் அடங்கலாம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப நான் கத்திப் பேசறது திமிருனால இல்ல" என்றாள். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை. தனக்கே சொல்லிக்கொண்ட மாதிரி இருந்தது.

எங்கள் டாக்டர் கொடுத்த கடிதத்தோடு மில்லுக்குப் போனாள். வேலையை விட்டு எடுக்கவில்லை. ஆனால் இரைச்சல் இல்லாத பேக்கிங் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். அதில் அவளுக்குக் கடும் கோபம். பத்தொன்பது வருடம் ஓடி ஓடி அறுந்த நூலை ஒட்டியவள். உட்கார்ந்து பெட்டிக்கு அட்டை ஒட்டுவது அவளுக்கு வேலையாகவே படவில்லை. "உன்னாலதான்" என்று போனில் ஒருநாள் சொல்லிவிட்டு வைத்தாள். ஒரு மாதம் பேசவில்லை. இந்தத் தடவை நான் எட்டு வருடம் காத்திருக்கவில்லை. வாரா வாரம் நானே கூப்பிட்டேன். அண்ணன் எடுத்து, "இங்கதான் இருக்கா, பேச மாட்டாளாம்" என்று அவள் காதுபடச் சொல்வார்.

ஊரிலேயே காதுக் கருவி வைத்துக்கொண்ட நான்காம் நாள் அவளே கூப்பிட்டாள். எடுத்த எடுப்பில், "உங்கண்ணன் சாப்பிடறப்ப இவ்ளோ சத்தமாவா மெல்லுவாரு? இருபத்திரண்டு வருஷம் நிம்மதியா இருந்திருக்கேன்!" என்றாள். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில், கருவி 'கீய்ங்' என்று கத்துகிறது என்று போனை வைத்துவிட்டாள்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் என் வேலையிடத்துக்கு வந்து நின்றாள். பின்னால் மூன்று பெண்கள். பழைய பிரிவில் அவளோடு நின்றவர்கள். ஒருத்தி தலையில் இன்னும் பஞ்சுத் துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. மில்லில் இப்போது எல்லோருக்கும் காது மூடி கொடுக்கிறார்கள். ஆனால் சோதிக்க வா என்றால் ஒருத்தியும் வரமாட்டேன் என்கிறாள். அதனால் கையைப் பிடித்து இழுத்து வந்திருப்பதாக அண்ணி சொன்னாள்.

முதல் பெண் அறை வாசலில் தயங்கினாள். நான் வாயைத் திறக்குமுன் அண்ணி அவள் தோளைப் பிடித்து உள்ளே நடத்திப் போனாள்.

"பயப்படாத. உள்ள ஒண்ணுமில்ல. விசில் பெருசாத் தெரியும், செத்த நேரம்தான். சத்தம் கேட்டா அமுக்கு, கேக்கலன்னா சும்மா இரு. கேட்ட மாதிரி பொய்யா அமுக்காத. வெளிய உக்காந்திருக்கறவ என் நாத்தனா. கண்டுபிடிச்சிருவா."

வெளியே வந்து கதவைச் சாத்தினாள். இன்னொரு நாற்காலியை இழுத்து என் இடது பக்கம் போட்டு உட்கார்ந்து, "ம், ஆரம்பி" என்றாள்.